வரியா, அபராதமா? பெயர் செய்யும் வேலை

"ஒபாமாகேர் வழக்கில் அரசு அபராதம் என்றது, உச்ச நீதிமன்றம் வரி என்றது. எது சரி?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். முதலில் தொகையைப் பார்த்துவிடுவோம்.

அதிபர் ஒபாமா 2010 மார்ச்சில் கையெழுத்திட்ட அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் பட்டப்பெயர்தான் ஒபாமாகேர். அதன்படி, காப்பீடு இல்லாதவர் 2014 முதல் வருமான வரிக் கணக்கோடு சேர்த்து ஒரு தொகை கட்ட வேண்டியிருந்தது. 2016இல் அது பெரியவர் ஒருவருக்கு 695 டாலர், அல்லது கணக்குத் தாக்கல் வரம்புக்கு மேற்பட்ட வருமானத்தில் 2.5 சதவீதம், எது அதிகமோ அது. தனியாள் ஒருவர் 50,000 டாலர் சம்பாதித்தால் வரம்பான 10,350 போக 39,650 மிஞ்சும். அதில் 2.5 சதவீதம் சுமார் 991 டாலர். கட்டாதவருக்குச் சிறை கிடையாது. சொத்தை முடக்கவும் கூடாது. வரித் துறை பெரும்பாலும் செய்ய முடிந்தது, அவருக்குத் திருப்பித் தர வேண்டிய வரிப் பணத்தில் பிடித்துக்கொள்வதுதான்.

இரண்டரை லட்சம் டாலருக்குக் கீழே சம்பாதிக்கும் குடும்பங்களுக்கு வரியை உயர்த்த மாட்டேன் என்பது ஒபாமாவின் 2008 வாக்குறுதி. அதனால் 2009 தொலைக்காட்சிப் பேட்டியில் 'இது வரி உயர்வு' என்ற பேச்சையே அவர் அடியோடு மறுத்தார். சட்டமும் 'அபராதம்' என்றே எழுதப்பட்டது.

நீதிமன்றத்தில் இது சிக்கலானது. வரியைக் கட்டும் முன்பே அதை எதிர்த்து வழக்குப் போடக் கூடாது என்கிறது 1867ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. இது வரி என்றால் வழக்கை அப்போது விசாரிக்கவே முடியாது. எனவே 2012 மார்ச் 26 அன்று அரசு வழக்கறிஞர் 'இது வரியல்ல' என்றார். மறுநாளே, நாடாளுமன்றத்தின் வரி விதிக்கும் அதிகாரத்துக்குள் இது வரும் என்றும் வாதிட்டார். ஜூன் 28 அன்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் இரண்டையும் ஏற்றார்: 1867 சட்டத்துக்கு நாடாளுமன்றம் வைத்த பெயர் முக்கியம், அரசியலமைப்புக்கு அது செய்யும் வேலை முக்கியம். வேலையைப் பார்த்தால் இது வரிதான்: தொகை பெரும்பாலும் காப்பீட்டு பிரீமியத்தைவிடக் குறைவு. தெரிந்தே மீறினாரா என்ற விசாரணை இல்லை. வசூலிப்பது வரித் துறை. குழந்தைகளை வேலைக்கு வைத்த நிறுவனங்கள் மீது போடப்பட்டு 1922இல் ரத்தான 'வரி' இதற்கு நேர்மாறு: சிறு மீறலுக்கும் நிறுவனத்தின் நிகர லாபத்தில் 10 சதவீதம் போய்விடும், தெரிந்தே மீறியவருக்கு மட்டும்தான் அது. பெயர் வரி, வேலை தண்டனை.

பெயரைப் பிரசாரம் ஏன் இத்தனை நம்புகிறது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஹார்டிஸ்டி, ஜான்சன், வெபர் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வில் 898 அமெரிக்கர்கள், கரிம உமிழ்வுக்கான கூடுதல் கட்டணம் சேர்ந்த பொருளுக்கும் சேராத பொருளுக்கும் இடையே தேர்ந்தெடுத்தார்கள். கட்டணத்தை ஒரு சாராரிடம் 'வரி' என்றும், மறு சாராரிடம் 'ஈடுகட்டல்' என்றும் சொன்னார்கள். ஜனநாயகக் கட்சியினரின் தேர்வு மாறவில்லை. குடியரசுக் கட்சியினருக்கும் கட்சி சாராதவர்களுக்கும் அது பெயரைப் பொறுத்து மாறியது. முடிவெடுக்கும்போது மனம் தனக்குத்தானே வரிசையாகக் கேள்வி கேட்டுக்கொள்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். முதலில் எழும் கேள்விக்கு நிறையப் பதில்கள் கிடைக்கும். பிறகு வருவதற்குக் குறைவாகவே கிடைக்கும். 'வரி' என்று கேட்டதும் சிலருக்கு 'ஏன் கட்டக் கூடாது' என்பது முந்திக்கொள்கிறது, 'இதனால் என்ன பயன்' என்பது பின்தங்குகிறது. பெயர் புதிய தகவல் எதையும் தருவதில்லை, வரிசையை மட்டும் மாற்றுகிறது. அரசியல் விளம்பரத்தில் 'வரி' முதல் சொல்லாக வருவது தற்செயல் அல்ல.

ஆனால் இந்தக் கருவி திருப்பியும் அடிக்கும். தீர்ப்பு வந்ததும் குடியரசுக் கட்சியினர் 'ஒபாமா வரி' என்று முழங்கினார்கள். அவர்களின் அதிபர் வேட்பாளர் ராம்னியோ மாசசூசெட்ஸ் ஆளுநராக 2006இல் இதே மாதிரிக் காப்பீட்டுக் கட்டாயத்தில் கையெழுத்திட்டவர். இது வரி என்றால் அவரும் வரி போட்டவர்தான். ஜூலை 2 அன்று அவருடைய ஆலோசகர் 'வரியல்ல' என்றார்; 4ஆம் தேதி ராம்னியே, நீதிமன்றப் பெரும்பான்மை சொல்லிவிட்டதால் வரிதான் என்றார். வெள்ளை மாளிகையோ வரி அதிகாரத்தால் வழக்கை வென்ற பிறகும் 'அபராதம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. என் பார்வையில் இரு தரப்பின் நேர்மையிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

2017 டிசம்பர் வரிச் சட்டம் இந்தத் தொகையை 2019 முதல் பூஜ்யமாக்கியது. பைசா வராதது எப்படி வரியாகும் என்று டெக்சாஸ் தலைமையில் சில மாநிலங்கள் மீண்டும் வழக்குப் போட்டன. வழக்குத் தொடுக்க அவற்றுக்குத் தகுதியில்லை என்று 2021 ஜூனில் 7-2 கணக்கில் உச்ச நீதிமன்றம் அனுப்பிவிட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. கலிபோர்னியா 2020 முதல் தனக்கென ஒரு கட்டாயத்தை வைத்திருக்கிறது. அந்தத் தொகையை வசூலிப்பது மாநில வரித் துறை, சட்டத்தில் அதன் பெயர் அபராதம்.