11 ஆண்டு படிப்பில் 7 ஆண்டுதான் தேறும்

ஒரு குழந்தை 18 வயதுக்குள் 11 ஆண்டு பள்ளிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 11 ஆண்டும் பிற்காலத்தில் உழைக்கும் திறனாக மாறிவிடுமா? மாறாது. எவ்வளவு மாறும் என்று கணக்கிட, உலக வங்கி 2018இல் வெளியிட்ட மனித மூலதனக் குறியீடு ஒரு வழி சொல்கிறது.

மனித மூலதனம் என்பது ஒருவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அறிவு, கைத்திறன், அனுபவம், உடல்நலம் எல்லாம் சேர்ந்தது. இன்று பிறக்கும் குழந்தைக்கு முழுக் கல்வியும் முழு ஆரோக்கியமும் கிடைத்தால் அது எட்டக்கூடிய உற்பத்தித்திறனை 1 என்று வைத்தால், இப்போதுள்ள நிலையில் எவ்வளவு எட்டும் என்பதே குறியீட்டின் கேள்வி.

முதலில் படிப்பு. தேர்வு மதிப்பெண் அளவுகோலில் 300 என்பது அடிமட்டம், 625 உயர்தரம். நம் குழந்தை படிக்கும் பள்ளிகளின் சராசரி 400 என்றால், 11ஐ 400ஆல் பெருக்கி 625ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது 7.04. அதாவது 4 ஆண்டுகள் பெஞ்சில் உட்கார்ந்ததோடு சரி. முழு அளவு 14 ஆண்டு. ஏறக்குறைய 7 ஆண்டு பற்றாக்குறை. ஓர் ஆண்டு குறைந்தால் உற்பத்தித்திறன் சுமார் 8 விழுக்காடு குறையும் என்பது சூத்திரத்தின் அனுமானம். கூட்டுவட்டிபோல அது சேர்ந்துகொண்டே போய், கடைசியில் 0.57இல் நிற்கிறது.

அடுத்து உடல்நலம். 15 வயதை எட்டியவர்களில் 100க்கு 85 பேர் 60ஐத் தொடுகிறார்கள், 100 குழந்தைகளில் 25 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் வளர்ச்சி குன்றியிருக்கிறார்கள் என்றால், சூத்திரப்படி 0.91. ஐந்து வயதுவரை பிழைப்பவர்கள் 100க்கு 97 பேர் என்றால் 0.97. மூன்றையும் பெருக்கினால் 0.51. பாதித் திறன் பிறக்கும்போதே கைநழுவுகிறது.

கூட்டாமல் ஏன் பெருக்க வேண்டும்? பிழைக்காத குழந்தைக்குப் பள்ளியால் பயனில்லை. கூட்டல் கணக்கில் அது தெரியாது. நிஜத்தில் இந்தக் காரணிகள் ஒன்றையொன்று கடிக்கவும் செய்கின்றன. கருவுற்ற காலத்தில் தாய்க்கு அயோடின் குறைந்தால் சிசுவின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். கரு உருவானது முதல் இரண்டாம் பிறந்தநாள் வரையிலான சுமார் 1,000 நாட்களில் ஏற்படும் ஊட்டக்குறையைப் பிறகு ஈடுகட்டுவது மிகக் கடினம். ஆறு வயதில் வகுப்புக்கு வரும் பிள்ளையின் கற்கும் திறனில் ஒரு பங்கு முன்பே தீர்மானமாகியிருக்கும்.

இப்போது இரண்டு திருத்தங்களை ஒப்பிடலாம். மதிப்பெண் 400லேயே இருக்க, படிப்பை 11இலிருந்து 14 ஆண்டாக நீட்டினால் தேறுவது 8.96 ஆண்டு. 11 ஆண்டை அப்படியே விட்டு, மதிப்பெண்ணை 500க்கு உயர்த்தினால் 8.8. பலன் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் முதல் வழியில் மூன்று ஆண்டுக்கான வகுப்பறையும் ஆசிரியர் சம்பளமும் வேண்டும். மாணவர் அந்த மூன்று ஆண்டு சம்பாத்தியத்தையும் இழப்பார். ஆனாலும் கட்டடத்தைத் திறந்துவைத்துப் படம் எடுக்கலாம், வாசிப்புத்திறனைத் திறந்துவைக்க முடியாதே.

மனிதர்களை மூலதனம் என்று அழைப்பதே ஒருகாலத்தில் பலருக்கு உறுத்தியது. இரண்டாம் உலகப் போரில் நொறுங்கிய நாடுகள் மீண்டெழுவதற்கு ஆகும் காலத்தைப் பொருளியலாளர்கள் மிகையாகக் கணித்ததற்கு, ஆலைகளை எண்ணிவிட்டு ஆட்களின் திறனை எண்ணாமல் விட்டதே காரணம் என்று அமெரிக்கப் பொருளியலாளர் தியோடர் ஷுல்ட்ஸ் 1961இல் எழுதினார். 1979இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த மூலதனத்துக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. நிலத்தை அடகு வைக்கலாம், இயந்திரத்தை ஜப்தி செய்யலாம். படித்த மூளையை வங்கி என்ன செய்யும்? பிணை இல்லாததால் படிப்புக்குக் கடன் கிடைப்பது கடினம். அதனால் அரசுப் பணமோ உத்தரவாதமோ இல்லாத இடத்தில், வசதியற்ற வீட்டுப் பிள்ளை திறமை இருந்தும் நின்றுவிடுகிறது.

வேலையிடத்திலும் இதே சிக்கல்தான். இன்னொரு அமெரிக்கப் பொருளியலாளரான கேரி பெக்கர் பயிற்சியை இரண்டாகப் பிரித்தார். வெல்டிங்போல எங்கும் செல்லுபடியாகும் திறனைக் கற்பித்தால், கற்றவர் அடுத்த ஆலைக்குப் போய்விடலாம். அதனால் முதலாளி செலவு செய்யத் தயங்குவார். பயிற்சிக்காலத்தில் குறைந்த கூலி வாங்கி அச்செலவைத் தொழிலாளியே சுமப்பார். அந்த ஆலையின் தனி இயந்திரத்துக்கு மட்டும் பயன்படும் திறன் என்றால் முதலாளியும் பங்கேற்பார்.

குறியீடு எண்ணாமல் விடுவது இந்த அனுபவத்தைத்தான். தேய்மானத்தையும் அது எண்ணுவதில்லை. நெடுநாள் வேலையில்லாமல் இருந்தால் கைப்பழக்கம் போகும், தொழில்நுட்பம் தாண்டிப் போயிருக்கும். வாங்கிய சான்றிதழ் மட்டும் தேயாது.

கற்ற திறன் வேலையில் இறங்குகிறதா என்பது அடுத்த கேள்வி. இதற்காக உலக வங்கி 2020இல் இன்னொரு பெருக்கலையும் சேர்த்தது. உழைக்கும் வயதினரில் 100க்கு 60 பேர்தான் வேலையில் இருக்கிறார்கள் என்றால், 0.51ஐ 0.6ஆல் பெருக்க வேண்டும். விடை 0.31. பெண்கள் நன்றாகப் படித்தும் வேலைக்கு வராத பொருளாதாரங்களில் பெரிய சரிவு இந்தக் கடைசிப் பெருக்கலில்தான் நடக்கிறது. பள்ளிக்கு எவ்வளவு செலவழித்தாலும் அந்த 0.6 அசையாது.