மும்பைல வஞ்சிரம் புடிக்க போட் எடுக்கறவங்களுக்கு: தடைக்காலம், லைசென்ஸ், இன்சூரன்ஸ்

வருஷா வருஷம் ஜூன் பாதில இந்தக் குழப்பம் வந்துரும். ஊர்ல இருந்து மச்சான் போன் பண்ணி தடை முடிஞ்சு போட்டெல்லாம் கடலுக்குப் போயிருச்சுன்னு சொல்வாரு, உடனே தாராவி, சயான் கோலிவாடா பக்கம் இருக்கற நம்ம பசங்க ராடு, ரீலெல்லாம் தூசி தட்டி எடுத்துட்டு வர்சோவா, அலிபாக்னு சின்ன போட் தேட ஆரம்பிச்சுருவாங்க. தூத்துக்குடி, ராமேஸ்வரம் எல்லாம் கிழக்குக் கடற்கரை, அங்க தடை ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும். மும்பை மேற்குக் கடற்கரை, இங்க ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும். ரெண்டும் 61 நாள்தான், ஆனா தேதி வேற. கன்னியாகுமரிக்காரங்களுக்கு இது புதுசு இல்ல, அவங்க மாவட்டத்துல சின்னமுட்டத்துக்கு ஒரு தேதி, குளச்சலுக்கு ஒரு தேதி.

இந்தத் தடை வலைக்குத்தானே, நாங்க தூண்டில்தானே போடறோம்னு கேக்கறாங்க. தடை போட்டுக்குப் போடறது, இன்ஜின் இல்லாம துடுப்புலயோ பாய்லயோ போற பாரம்பரிய மீனவங்க படகுக்கு மட்டும்தான் விலக்கு. நீங்க வாடகைக்கு எடுக்கற ஃபைபர் போட்ல பின்னாடி அவுட்போர்டு மோட்டார் தொங்குதுல்ல, அதுல மீன் புடிக்கப் போனா தடைக்குள்ளதான் வருவீங்க. 12 கடல் மைல் தாண்டிட்டா மாநில ரூல் செல்லாதுன்னு இன்னொரு பேச்சு ஓடுது, அதுவும் உதவாது, ஏன்னா 12 கடல் மைல் வரைக்கும், அதாவது சுமார் 22 கிலோமீட்டர், மகாராஷ்டிராவோட 1981 கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், அதுக்கு அந்தாண்ட மத்திய அரசோட உத்தரவு, ரெண்டுலயும் ஜூன் ஜூலை மூடல்தான்.

மாட்டினா அடி உங்களுக்கு மட்டும் இல்ல, போட் ஓனருக்கும்தான். 2021ல அந்தச் சட்டத்தைத் திருத்தினப்போ பல குத்தத்துக்கு அபராதத்தை லட்சக்கணக்குல ஏத்திட்டாங்க. அதவிட எனக்குப் பெருசாப் படறது இன்னொண்ணு: தடை நேரத்துல போய் போட் கவுந்தா அரசு நஷ்டஈடு கிடையாது. ஒரு குடும்பத்தோட சோறே அந்த போட்தான், நம்ம ஞாயித்துக்கிழமை ஆசைக்காக அத பணயம் வைக்கச் சொல்றது தப்பு. ஜூன் ஜூலைல நிறைய மீன் முட்டை வைக்கற நேரம், கடலும் பொங்கிட்டு இருக்கும். ஆகஸ்ட் 1 பொறந்தாலும் கோலி ஆளுங்கள்ல, அதாவது இந்த ஊர் மீனவ சமூகத்துல, நிறைய பேரு நாரளி பௌர்ணமிக்குக் கடலுக்குத் தேங்காய் போட்டுட்டுத்தான் இறங்குவாங்க, அவங்க அவசரப்படலைன்னா நாம ஏன் அவசரப்படணும். மழை ஓஞ்சு தண்ணி தெளிஞ்சப்புறம்தான் சுர்மைன்னு இங்க சொல்ற நம்ம வஞ்சிரத்துக்கு ட்ரோலிங், அதாவது ஓடற போட்டுக்குப் பின்னாடி தூண்டில இழுத்துட்டுப் போறது, போடற சுகமே.

சீசன்ல போறப்பவும் அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி போட்ட ஒரு தடவ சுத்திப் பாருங்க. முன்பக்கத்துல ஐஎன்டி-எம்எச்னு ஆரம்பிக்கற ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் எழுதியிருக்கணும். மீன்பிடி லைசென்ஸ் காப்பி கேளுங்க, தாண்டேல்கிட்ட, அதாவது போட் ஓட்டறவர்கிட்ட, மீனவர் அடையாள அட்டை இருக்கான்னு பாருங்க, லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒண்ணு எண்ணிக்கோங்க.

பொடி மீனுக்கும் ரூல் இருக்கு. 2023ல மகாராஷ்டிரா ஐம்பதுக்கும் மேல வகைக்குக் குறைஞ்சபட்ச நீளம் வச்சிருக்கு, பாப்லெட்னா, அதாவது நம்ம வவ்வால் மீனுக்கு, 135 மில்லிமீட்டர். தூண்டில்ல வந்தது உயிரோடதான் வருது, சின்னதா இருந்தா ஈரக்கையால புடிச்சு கொக்கிய கழட்டித் திரும்ப விட்ரலாம்.

அப்புறம் போட்காரங்களுக்குக் கிடைக்க வேண்டியது, இத அவங்க நிறைய பேரு கேக்கறதே இல்ல. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்துல குழு விபத்துக் காப்பீடு இருக்கு: விபத்துல இறந்தாலோ நிரந்தரமா முழு ஊனமானாலோ 5 லட்சம், நிரந்தர பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 25,000 வரைக்கும். பிரீமியம் மத்திய அரசும் மாநில அரசும் கட்டுது, மீனவர் கையில இருந்து ஒரு பைசா கிடையாது, ஆனா பேரு பதிஞ்சிருக்கணும். டெக்ல வேலைக்கு வர்ற பையன் தமிழ்நாட்டுல இருந்தோ ஆந்திரால இருந்தோ வந்தவனா இருப்பான், அவன் பேரு எந்த லிஸ்ட்லயும் இருக்காது. அவன்கிட்ட தமிழ்ல கேளுங்க தம்பி, உன் பேரு எங்கயாவது பதிஞ்சிருக்கான்னு, இல்லன்னா மீன்வளத்துறை ஆபீஸ்லயோ மீனவர் சொசைட்டிலயோ ஆதார், பேங்க் பாஸ்புக் எடுத்துட்டுப் போய்க் கேக்கச் சொல்லுங்க. சும்மா பொழுதுபோக்குக்குப் போற நமக்கு இந்தக் காப்பீடு வராது, நமக்கு வேணும்னா தனியா பாலிசி எடுத்துக்கணும்.

வலையில கடலாமை, திமிங்கலச் சுறா மாதிரி பாதுகாக்கப்பட்ட உயிரு மாட்டி, வலைய அறுத்து விட்டா அதுக்கும் 25,000 ரூபாய் வரைக்கும் நஷ்டஈடு உண்டு, 2018 டிசம்பர்ல மகாராஷ்டிரா வனத்துறையும் மீன்வளத்துறையும் சேர்ந்து கொண்டு வந்தது. விட்டதுக்கு போட்டோ, வீடியோ ஆதாரம் வேணும், அந்த நேரத்துல அவங்க கை ரெண்டும் வலையிலதான் இருக்கும், அதனால நீங்க போட்ல இருந்தா மொபைல எடுத்து வலைய அறுக்கறதுல இருந்து அது நீந்திப் போறது வரைக்கும் எடுத்து தாண்டேலுக்கு அனுப்பி வைங்க.