சில்க் போர்டு சிக்னலில் நின்றபடி ஆகும்பேயில் குடியிருப்பது எப்படி?

பெங்களூர் அல்சூரில் இருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். குடும்பத்தோடு கர்நாடகத்தின் மலைக் கிராமமான ஆகும்பே போய் வந்து ஒரு மாதம் ஆகிறதாம். அங்கே ஒரு பழைய ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கஷாயம் குடித்திருக்கிறார், அவ்வளவுதான். "இப்போது தினமும் சாயங்காலம் ஆபீஸ் பஸ் சில்க் போர்டு சிக்னலில் நிற்கும்போது, நான் அந்த வீட்டில் குடியிருக்கிறேன். அடுப்படி ஜன்னல் எந்தப் பக்கம், மழைக்காலத்தில் துணியை எங்கே காயப்போடுவது என்பதுவரை முடிவாகிவிட்டது. மாமியார் இது முன்ஜென்மத் தொடர்பு என்கிறார். என் மூளையில் என்னதான் நடக்கிறது?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அந்த அடுப்படியை அவர் பார்த்ததே இல்லை. அப்படியானால் அதைக் கட்டியது யார்?

மூளை நம் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடலின் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது, நாம் சும்மா இருக்கும்போதும்கூட. மூளையின் சில பகுதிகள் நாம் ஒரு வேலையில் மூழ்கும்போது அடங்குகின்றன, ஓய்ந்திருக்கும்போது சுறுசுறுப்பாகின்றன. அமெரிக்காவின் மூளை ஆய்வாளர் மார்கஸ் ரெய்க்கல் 2001-ல் இதை மூளையின் 'இயல்பு நிலை' என்று அழைத்தார். பழைய நினைவு, நாளைய யோசனை, பகல் கனவு எல்லாவற்றிலும் இந்தப் பகுதிகளுக்குப் பங்கு உண்டு. சிக்னலில் நிற்கும் பஸ் இதற்கு அருமையான இடம்.

சரி, அடுப்படிக்கு வருவோம். காதுக்கு மேலே, மூளையின் உள்பக்கமாக, கடல் குதிரை போல வளைந்த ஒரு பகுதி இருக்கிறது. பெயர் ஹிப்போகாம்பஸ். இது நினைவுக்கான உறுப்பு என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தோம். 2007-ல் லண்டனில் மூளை ஆய்வாளர்கள் டெமிஸ் ஹசாபிஸ், எலனோர் மக்வயர் குழுவினர், ஹிப்போகாம்பஸ் சேதமடைந்த சிலரிடம் ஒரு கடற்கரையைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். பெரும்பாலோரால் முடியவில்லை. வானம், மணல் என்று துண்டு துண்டாக வந்ததே தவிர, எல்லாம் சேர்ந்து ஓர் இடமாகவில்லை. பழைய நினைவுகளில் இருந்து சாமான்களை எடுத்துப் புது இடத்தைக் கட்டும் கொத்தனாரும் இதே ஹிப்போகாம்பஸ்தான்.

எப்படிக் கட்டுகிறது? இங்கேதான் எலிகள் வருகின்றன. 1971-ல் மூளை ஆய்வாளர் ஜான் ஓகீஃப் எலியின் ஹிப்போகாம்பஸில் சில விசித்திரமான செல்களைக் கண்டார். எலி அறையின் ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் போனால் ஒரு செல் துடிக்கும், அதாவது மின் சமிக்ஞை விடும்; நாலு அடி தள்ளிப் போனால் வேறொரு செல் துடிக்கும். இடச் செல்கள் என்று பெயர். எந்தெந்தச் செல்கள் துடிக்கின்றன என்று பார்த்தாலே எலி எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடலாம்.

2023-ல் அமெரிக்காவின் ஜெனேலியா ஆய்வகத்தில் இதை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எலி ஒரு உருளும் பந்தின் மேல் நிற்கிறது. சுற்றிலும் திரை. அது ஓட ஓட, திரையில் இருக்கும் உலகம் நகர்கிறது. மூளையின் எந்தத் துடிப்பு எந்த இடம் என்று கணினி கற்றுக்கொள்கிறது. அப்புறம் பந்துக்கும் திரைக்கும் இருந்த தொடர்பைத் துண்டித்துவிடுகிறார்கள். இனி கால்கள் ஓடினாலும் பயனில்லை. மூளையில் எந்த இடத்துக்குரிய துடிப்பு வருகிறதோ, அந்த இடத்துக்குத்தான் திரை நகரும்.

எலி திரையில் இருந்த இலக்குக்குப் போய்ச் சேர்ந்தது! இலக்கை மனதில் எழுப்பியே அங்கே போய்ச் சேர்ந்தது. இன்னொரு சோதனையில் எலி இருந்த இடத்திலேயே இருக்க, திரையில் தெரிந்த ஒரு பொருளை மனதாலேயே இலக்குக்கு நகர்த்தி, பல விநாடிகள் அங்கேயே நிறுத்தி வைத்தது. உடல் ஓரிடத்தில், மனம் வேறோர் இடத்தில். பஸ்ஸில் அந்த அக்கா செய்வதும் இதற்கு வெகுதூரம் இல்லை.

எலி மூளையில் ஆராய்ச்சியா, யாருக்கு லாபம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஓகீஃபுக்கு நோபல் பரிசு வர 43 ஆண்டுகள் ஆயின. நம் நாடு எல்லா ஆராய்ச்சிக்கும் சேர்த்துச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.7 சதவீதத்துக்கும் குறைவு. மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸும் இந்திய அறிவியல் கழகமும் இருக்கும் ஊரில் வாழும் எனக்கு இது கோபத்தையே தருகிறது.

முன்ஜென்மம் என்று சொல்லிவிட்டால் கேள்வி அங்கேயே நின்றுவிடுகிறது. மாமியார் மேல் எனக்கு வருத்தமில்லை, அந்தப் பரிச்சய உணர்வு உண்மையானதுதான். ஆனால் இந்த ஜென்மத்திலேயே தேடிப் பாருங்கள். அந்த ஜன்னல் உங்கள் பாட்டி வீட்டு ஜன்னலாக இருக்கலாம், திண்ணை சின்ன வயதில் கோடை விடுமுறைக்குப் போன வீட்டுத் திண்ணையாக இருக்கலாம்.

குடிபெயர்வது பற்றியும் கேட்டிருந்தார். 1998-ல் ஆய்வாளர்கள் டேவிட் ஷ்கேடும் டேனியல் கானமனும், கலிஃபோர்னியாவிலும் அமெரிக்காவின் நடுப்பகுதியிலும் படித்த மாணவர்களைக் கேட்டார்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கே வாழ்க்கையில் திருப்தி அதிகம் என்று இரு தரப்பும் நினைத்தது. கேட்டுப் பார்த்தால் திருப்தி இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஓர் ஊரை நினைக்கும்போது கண்ணில் படும் வித்தியாசம் மட்டும் பெரிதாகிவிடுகிறது. ஆகும்பேயில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, பெங்களூரைப் போல ஏழு மடங்கு. உங்கள் கனவு வீட்டில் மழைச் சத்தம் இருக்கிறது. ஈரச் சுவரும் காலில் ஏறும் அட்டையும் இருக்கின்றனவா?

அதனால் கனவை விட வேண்டாம், அதற்குச் சாமான் சேருங்கள். ஜூலையில் பத்து நாள் போய் இருங்கள். அந்த வீட்டுக்காரரிடம் கேட்டு அடுப்படியையும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள். ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசை.