நின்றுபோன வண்டியில் மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள்

இந்த மழைக்கு என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்ததில் இது நான்காவது வண்டி. சுசீந்திரம் பக்கம் ரோட்டில் தண்ணீர் ஏறிய அன்று இரவு போன் வந்தது. "அண்ணா, தண்ணிக்குள்ள வண்டி நின்னுபோச்சு. ஏழெட்டு தடவை செல்ஃப் அடிச்சுட்டேன், எடுக்கவே மாட்டேங்குது." ஏழெட்டு தடவை என்று கேட்டதுமே எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

மறுநாள் பிரித்தோம். ஏர் ஃபில்டர் ஊறிய அப்பளம் மாதிரி கையோடு பிய்ந்து வந்தது. டிப்ஸ்டிக்கில் ஆயில், தண்ணீர் கலந்து பால் டீ நிறம். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு ஒன்று வளைந்திருந்தது. அதைக் கையில் வாங்கிப் பார்த்தவர், "சைலன்சர்ல தண்ணி ஏறாம ஆக்சிலேட்டரை மிதிச்சுக்கிட்டுதானே வந்தேன்" என்றார்.

எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். இன்ஜின் ஓடும்வரை சைலன்சர் வழியாகப் புகை வெளியேதான் தள்ளிக்கொண்டிருக்கும். ஆபத்து பின்னால் இல்லை, முன்னால். இன்ஜின் காற்று இழுக்கும் வாய் பல கார்களில் கிரில்லுக்குப் பின்னால், ஹெட்லைட் உயரத்தில்தான் இருக்கிறது. நீங்கள் மிதிக்க மிதிக்க முன்பக்கம் அலை எழும்பும், இன்ஜினும் பலமாக இழுக்கும். எதிரே ஒரு பஸ் வந்தால் அது தள்ளும் அலை வேறு. தண்ணீர் உள்ளே போய்விட்டால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, ராடுதான் வளையும். டீசல் வண்டியில் சேதம் இன்னும் மோசமாக இருக்கும்.

வண்டி நின்றதும் சாவியை எடுத்துவிட்டு இறங்கி, தள்ளி மேட்டில் ஏற்றியிருந்தால் பெரும்பாலும் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால் போதும். செல்ஃப் அடித்தபின் வருகிற வண்டிக்கு இன்ஜினையே இறக்க வேண்டியிருக்கிறது. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். இன்ஜினுக்கென்று தனியாகக் கவர் சேர்க்காவிட்டால் இந்தச் செலவு பெரும்பாலும் கிடைக்காது. பாலிசியை இன்றே எடுத்துப் பாருங்கள்.

நம்ம குமரி மாவட்டத்தில் ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. அதனால் வைப்பர், பிரேக், பேட்டரி, டயர் எல்லாம் வருடத்துக்கு இரண்டு தடவை பார்க்க வேண்டும். டயர் பட்டன், அதாவது வரிப்பள்ளத்தின் ஆழம், 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே ஓட்டக்கூடாது. அதுவரை காத்திருக்காதீர்கள், மழை ரோட்டில் அதற்கு முன்பே வழுக்கும்.

பேச்சிப்பாறை அணையிலோ பெருஞ்சாணி அணையிலோ தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால், குழித்துறையில் மழையே இல்லாவிட்டாலும் ஆறு ஏறும். சப்பாத்து (தரைப்பாலம்) மூழ்கியிருந்தால் சுற்றிப் போங்கள். முழங்கால் தண்ணீரே சின்ன காரை மிதக்கவைத்துவிடும். அரை மணி நேரம் தாமதமானால் என்ன, வீட்டில் பிள்ளைகள் காத்திருப்பார்கள் அல்லவா?

வீட்டு விஷயம் என் தொழில் இல்லை. ஆனால் முற்றத்தில் நின்ற வண்டிகளும் என்னிடம்தான் வருகின்றன. ஒக்கி புயல் அடித்த 2017 நவம்பர் 30 அன்று ரப்பரும் தென்னையும் எப்படிச் சாய்ந்தன என்று பார்த்தோமே. மழைக்கு முன்பே ஆளை ஏற்றி முற்றிய காயையும் காய்ந்த மட்டையையும் இறக்குங்கள். வண்டியை ரப்பர் மரத்தடியில் விடாதீர்கள். ஓட்டு வீடானால் நழுவிய ஓடுகளைச் சரிசெய்யுங்கள். மீட்டர் போர்டு நனைகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் போடச் சொல்லுங்கள்.

தெருவில் கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாதீர்கள். ஓடுகிற வண்டி மேலேயே விழுந்தால், தீப்பிடித்தால் தவிர, இறங்கக் கூடாது. கதவுக் கைப்பிடியைத் தொடாமல் உள்ளேயே இருந்து மின்வாரியத்துக்குப் போன் செய்யுங்கள், யாரும் வண்டியைத் தொட வேண்டாம் என்று சத்தம் போட்டுச் சொல்லுங்கள். கரண்டை நிறுத்திவிட்டோம் என்று அவர்கள் வந்து சொன்ன பிறகு இறங்கினால் போதும்.