பிறப்புரிமையியல்

யாழ்ப்பாணத்தில் உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு ‘பிறப்புரிமையியல்’ மறக்காது. பெற்றோரின் இயல்புகள் பிள்ளைகளுக்கு வந்து சேரும் விதத்தைப் படிக்கும் அறிவியல் அது. ஆட்சியான, பின்னிடைவான, நிறமூர்த்தம், விகாரம் என்று ஒரு கட்டுச் சொற்கள் அதோடு சேர்ந்தே வரும். தமிழ்நாட்டு நண்பரிடம் இந்தச் சொல்லைச் சொன்னால், காணி உரிமை பற்றிய பாடம் என்று நினைக்கக்கூடும். அங்கே அது மரபியல். நாங்கள் பரம்பரை அலகு என்று படித்தது அங்கே மரபணு.

மூலச் சொல்லுக்கே வயது அதிகமில்லை. ‘ஜெனெற்றிக்ஸ்’ என்று 1905இல் பெயரிட்டவர் ஆங்கில உயிரியலாளர் வில்லியம் பேற்சன். பரம்பரை அலகைக் குறிக்கும் ‘ஜீன்’ 1909இல் டென்மார்க்கின் தாவரவியலாளர் ஜொஹான்சன் தந்தது. மானிப்பாயில் மேற்கு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் கிறீன் 1884இல் காலமானார். அவர் தமிழாக்குவதற்கு அந்தச் சொற்கள் அப்போது பிறந்திருக்கவில்லை. ஜெனெற்றிக்ஸ், ஜீன் இரண்டுக்கும் அடி, பிறப்பைக் குறிக்கும் கிரேக்க வேர். எங்கள் சொல்லிலும் அந்தப் ‘பிறப்பு’ இருக்கிறது. பிறப்பால் வந்து சேரும் உரித்தைப் பற்றிய இயல் என்று பிரித்துப் பார்த்தால் பொருள் சரிதான். ஆனால் உரிமை என்றால் நாம் கேட்டுப் பெறுவது. நோயை யாரும் கேட்டுப் பெறுவதில்லை.

மரபியல் என்பது தொல்காப்பியத்திலேயே ஓர் இயலின் பெயர். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று இளமைப் பெயர் ஒன்பதையும் வரிசைப்படுத்தித் தொடங்கும் இயல் அது. அங்கே மரபு என்பது சொல் வழங்கும் முறை. உடம்பின் வழிவரவு அன்று. இருந்தாலும் குட்டிகளின் பெயரோடு தொடங்கும் ஒரு சொல் இந்த அறிவியலுக்கு வாய்த்ததில் எனக்கு மகிழ்ச்சி. என் தெரிவு மரபியல்தான்.

வீட்டில் இந்த இரண்டு சொல்லும் புழங்குவதில்லை. ‘பரம்பரை வருத்தம்’ என்பார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி, கலியாணம் பேசும்போது. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். பரம்பரை வருத்தம், மரபணு வருத்தம், பிறவி வருத்தம் மூன்றையும் ஒன்றாகவே போட்டுக் குழப்புகிறோம். நிறமூர்த்தம் என்பது மரபணுக்களைத் தாங்கும் இழை. டவுன் கூட்டறிகுறி 21ஆம் நிறமூர்த்தம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வருவது. பெரும்பாலும் அது பரம்பரையில் வந்ததாக இராது. கர்ப்பத்தில் தாய்க்கு ருபெல்லா என்ற தொற்றுநோய் வந்து பிள்ளைக்குக் காது கேளாமல் போனால் அது பிறவியில் வந்தது, மரபணுவில் வந்ததன்று. மூளையைத் தாக்கும் ஹண்டிங்டன் நோய் பரம்பரையில் வருவது. ஆனால் பெரும்பாலும் நடுவயதில்தான் தலைகாட்டும்.

இன்னொரு சொல் ‘பின்னிடைவான’. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதி சேர்ந்தால்தான் தன்னைக் காட்டும் மரபணுவைச் சொல்வது அது. 1902இல் லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கரொட் அல்கப்டனூரியா என்ற அரிய நோயைப் பற்றி எழுதினார். குழந்தையின் சிறுநீர் காற்றுப்பட்டுக் கறுக்கும். வெள்ளைத் துணியில் கறை பிடிக்கும். அப்பாவும் அம்மாவும் நல்ல சுகத்தோடு இருப்பார்கள். பல குடும்பங்களில் அவர்கள் உடன்பிறந்தாரின் பிள்ளைகளாக இருந்ததை அவர் கவனித்தார். பேற்சனின் உதவியோடு அதை, பட்டாணிச் செடிகளில் பரம்பரை விதிகளைக் கண்ட மெண்டலின் விதியில் பொருத்திக் காட்டினார். மச்சான் மச்சாள் கலியாணம் பழகிய எங்கள் ஊருக்கு இது தூரத்துக் கதையில்லை. பின்னிடைவு என்றால் தோற்றுப் பின்வாங்கியது போலத் தொனிக்கிறது. நடப்பதோ வேறு: ஒற்றைப் பிரதியாக இருக்கும்வரை அது மறைந்து நிற்கிறது, தலைமுறை கடந்தும் நிற்கிறது. ‘மறைந்து நிற்கும் மரபணு’ என்றால் ஆச்சிக்கும் விளங்கும்.

அப்படி மறைத்து வைத்திருப்பவரைக் ‘காவி’ என்கிறோம். காவுதல் எங்களுக்கு அன்றாடச் சொல். தண்ணீர்க்குடத்தையும் காவுவோம், பிள்ளையையும் காவுவோம். நல்ல சொல். ஆனால் நுளம்பையும் நோய்காவி என்கிறோம். ஒரு தாயின் காதில் அந்தச் சொல் எப்படி விழும்? ‘காவுபவர்’ என்று ஆளாக்கிச் சொல்லலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு தாய், “எங்கட ஆக்களில ஒருத்தருக்கும் இப்படி இல்லையே டொக்டர்” என்றார். “இல்லை அம்மா. நீங்களும் அவரும் ஒவ்வொன்று காவியிருக்கிறீங்கள். இரண்டும் பிள்ளையிட்ட சேர்ந்திட்டுது. அடுத்த பிள்ளைக்கு வாற சாத்தியமும் நாலில ஒன்று, அதுக்கடுத்ததுக்கும் நாலில ஒன்று. பிழை ஒருத்தரிலையும் இல்லை” என்றார் டொக்டர். அந்த அம்மா மாமியாரைத் திரும்பிப் பார்த்தார். “இன்னொருக்கா சொல்லுங்கோ, மாமியும் கேக்கட்டும்.”