சம்பளப் பாக்கிக்குப் புகார் எழுதாதீர்கள், கோரிக்கை மனு போடுங்கள்

மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும். வேலையை விட்டு நின்றாலும் நிறுத்தினாலும் இரண்டு வேலை நாளில் பாக்கி முழுவதும் தர வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்வது இது. "சொல்லாம நின்னுட்டல்லா, கடைசி மாசச் சம்பளம் கிடையாது" என்பதெல்லாம் செல்லாது. என்ன காரணம் சொன்னாலும் சம்பளத்தில் பாதிக்கு மேல் பிடிக்கக் கூடாது.

நம் திருநெல்வேலியில் பலர் செய்வது, திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுப்பது. அது தொழிலாளர் துறைக்குப் போகும். அங்கிருந்து கடைக்கு ஒரு போன் போகும். "கணக்கு முடிச்சாச்சு சார்" என்பார் முதலாளி. மனுதாரருக்குப் பதில் அளிக்கப்பட்டது என்று எழுதி ஃபைலை மூடிவிடுவார்கள். போலீஸ் ஸ்டேஷனிலோ "இது சிவில் மேட்டர்".

பணத்தைக் கொடு என்று உத்தரவு போடும் அதிகாரம், இந்தச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் விசாரிக்கும் அதிகாரியிடம் இருக்கிறது. பாக்கியோடு பத்து மடங்கு வரை இழப்பீடும் அவர் விதிக்கலாம். அதனால் மனுவின் தலைப்பிலேயே "பிரிவு 45-இன் கீழ் கோரிக்கை மனு" என்று எழுதுங்கள். எந்த மாதம், எவ்வளவு பாக்கி என்று மாதவாரியாகக் கணக்குப் போடுங்கள். அந்த அதிகாரியின் அலுவலகத்தில் கொடுத்து, தேதியும் சீலும் போட்ட நகல் வாங்காமல் படி இறங்காதீர்கள். "செக்‌ஷன் கிளார்க் லீவு, நாளைக்கு வாங்க" என்றால் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள்.

"24,000-க்கு மேல் சம்பளமா? இங்கே எடுக்க மாட்டோம்" என்று கவுன்டரில் சொல்லக்கூடும். அது பழைய சட்டத்தின் கணக்கு. புதியதில் அந்த வரம்பு இல்லை, சூப்பர்வைசரும் கேட்கலாம். மனு போடக் கெடு 3 ஆண்டு. நவம்பர் 2025-க்கு முன் விழுந்த பாக்கியென்றால் பழைய ஓராண்டுக் கெடுவையே மனதில் வைத்து ஓடுங்கள்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது பெயரில். போர்டில் ஒரு பெயர், லைசென்ஸில் வேறு பெயர். நோட்டீஸ் "அப்படி யாரும் இல்லை" என்று திரும்பி வரும். கடை பில்லில் இருக்கும் ஜிஎஸ்டி எண்ணை அந்தத் துறையின் இணையதளத்தில் போட்டால் உரிமையாளரின் சட்டப்படியான பெயர் வந்துவிடும். கங்கைகொண்டான் சிப்காட் போல கான்ட்ராக்டர் வழியாக வேலை என்றால் கான்ட்ராக்டர், கம்பெனி இரண்டையும் எதிர்மனுதாரர் ஆக்குங்கள். கான்ட்ராக்டர் தராவிட்டால் கம்பெனிதான் பொறுப்பு.

சம்பளம் கொடுத்தாயிற்று என்று நிரூபிப்பது முதலாளியின் வேலை. ஆனால் நீங்கள் அங்கே வேலை பார்த்தீர்கள் என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். சட்டப்படி தர வேண்டிய சம்பளச் சீட்டை எத்தனை கடையில் தருகிறார்கள்? ஜிபே வரவு, இஎஸ்ஐ எண், ஷிஃப்ட் போடும் வாட்ஸ்அப் குழு, நீங்கள் கையெழுத்திட்ட டெலிவரி சலான் எல்லாவற்றையும் வேலையில் இருக்கும்போதே போட்டோ எடுத்து வையுங்கள். நின்ற அன்றைக்கே குழுவிலிருந்து தூக்கிவிடுவார்கள்.

சரக்கு குறைந்தது என்று சேல்ஸ் ஆட்கள் எல்லார் சம்பளத்திலும் பிரித்துப் பிடிப்பதும் தப்பு. உங்கள் பொறுப்பில் ஒப்படைத்த பொருளுக்கு, உங்கள் கவனக்குறைவால் வந்த நட்டத்துக்கு, உங்களிடம் விளக்கம் கேட்ட பிறகே பிடிக்கலாம்.

பாதிப் பணத்தைக் கொடுத்து "முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளை நீட்டுவார்கள். கையெழுத்துக்கு மேலே, வாங்கிய தொகையையும் "மீதி பாக்கி உண்டு" என்பதையும் உங்கள் கையால் எழுதுங்கள். வெற்றுத் தாளில் எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

வக்கீலுக்குக் காசில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் கேட்டால் சொல்வார்கள். பெண்கள், எஸ்சி, எஸ்டி, தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. போன் 15100.

வாய்தாவுக்கு முந்தின நாள் முதலாளி அண்ணாச்சி கூப்பிடுவார்: "தம்பி, நாம பேசி முடிச்சுக்கலாம், நாளைக்குப் போவாத." பேசுங்கள், ஆனால் வாய்தாவுக்குப் போய்விடுங்கள். நீங்கள் வராவிட்டால் மனுவைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள்.