இரண்டு நிமிடக் கணக்கும் காலடியில் கிடக்கும் பந்தும்

2023 நவம்பர் 6ஆம் திகதி டெல்லியில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் இலங்கையின் சதீர சமரவிக்ரம ஆட்டமிழந்ததும் அடுத்த துடுப்பாட்டக்காரராக ஏஞ்சலோ மெத்யூஸ் களமிறங்கினார். தலைக்கவசப் பட்டியை இழுத்தார், அறுந்துவிட்டது. வேறொன்று கொண்டுவரும்படி ஓய்வறைக்குக் கைகாட்டினார். பங்களாதேஷ் அணித் தலைவர் ஷகிப் அல் ஹசன் முறையிட, ஒரு பந்துகூடச் சந்திக்காமல் மெத்யூஸ் வெளியேறினார். சர்வதேச கிரிக்கெட்டில் முதல் ‘டைம்ட் அவுட்’, அதாவது உரிய நேரத்துக்குள் தயாராகாததால் ஆட்டமிழப்பது, அதுதான்.

“நேரத்துக்கு வந்துவிட்டாரே” என்று கொழும்பில் இன்றும் வாதாடுவார்கள். வந்தால் போதாது. விக்கெட் விழுந்த கணத்திலேயே கடிகாரம் ஓடத் தொடங்கும். அது முடிவதற்குள் அடுத்த பந்தைச் சந்திக்கத் தயாராக நிற்க வேண்டும். கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்சிசி கழகத்தின் விதிப்படி அவகாசம் 3 நிமிடம். அந்த உலகக் கிண்ணத்தில் 2 நிமிடம். சர்வதேச இருபதுக்கு20 போட்டிகளில் 90 வினாடிதான். பட்டி அறுந்தது 1 நிமிடம் 54ஆவது வினாடியில். அப்போது அவர் கார்ட் எடுக்கவே, அதாவது ஸ்டம்புக்கு முன் மட்டையை வைத்து நிற்குமிடத்தைக் குறிக்கவே, தொடங்கவில்லை.

பட்டி அறுந்தது அவர் பிழையல்ல. ஆனால், முதலில் நடுவரிடம் சொல்லியிருந்தால், அவர் ‘டைம்’ அறிவித்து ஆட்டத்தை நிறுத்தியிருக்கக்கூடும். கழக ஆட்டக்காரர்களும் இதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்: அடுத்து இறங்குபவர் முன்கூட்டியே பேட் கட்டி, தலைக்கவசப் பட்டியை இழுத்துப் பார்த்துவிட்டே உட்கார வேண்டும்.

முறையீடு இல்லாமல் நடுவர் அவுட் கொடுக்கமாட்டார். முறையிட்ட அணித் தலைவர் மனம் மாறினால், நடுவரின் சம்மதத்துடன், அடுத்த பந்து ஆட்டத்துக்கு வருமுன் அதை மீளப்பெறலாம். டெல்லியில் நடுவர்கள் கேட்டும் ஷகிப் மறுத்துவிட்டார்.

களத்தடுப்புக்கு இடையூறு செய்து அவுட்டாவது இதைவிடச் சிக்கலானது, ஏனென்றால் அங்கே நடுவர் நோக்கத்தை அளக்க வேண்டும். 2021 மார்ச்சில் அன்டிகுவாவில் இலங்கையின் தனுஷ்க குணதிலக்க பந்தைக் காலடியில் தட்டிவிட்டு, ஓட எத்தனித்து, சகவீரரைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பின்னோக்கி நடந்தார். கால் பட்டுப் பந்து விலகியது. பந்துவீசி, அதை எடுக்க ஓடிவந்த மேற்கிந்தியத் தீவுகளின் பொலார்ட் முறையிட்டார்; மூன்றாம் நடுவர் அவுட் கொடுத்தார். வேண்டுமென்றே செய்தால்தான் அவுட் என்கிறது விதி. அந்தக் காட்சியில் எனக்கு அது தெரியவில்லை.

பந்தைக் கையால் தொட்டு அவுட்டாகும் ‘ஹேண்டில்ட் த பால்’ என்ற தனி வகை 2017இல் நீக்கப்பட்டு, களத்தடுப்புக்கு இடையூறு என்ற இந்த வகைக்குள் சேர்ந்தது. அந்தப் பெயர் போனாலும் ஆபத்து போகவில்லை. ஆட்டத்தில் இருக்கும் பந்தை, களத்தடுப்பாளர் சம்மதிக்காமல், உதவியாக எடுத்துக் கொடுத்தாலும் முறையீட்டின் பேரில் அவுட்தான். ஸ்டம்பை நோக்கி உருளும் பந்தை மட்டையால் இரண்டாம் முறை தட்டலாம். மட்டையைப் பிடிக்காத கையால் தடுக்கக் கூடாது.